வேரில் விழும் சீக்கு

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு வேர்ச் சீக்கைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மரம் பார்வைக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும், பாலும் கொடுக்கும். ஆனால் மண்ணுக்குள்ளே வெள்ளை நூல் போன்ற பூஞ்சணம் வேரைப் பற்றி அரித்துக்கொண்டே இருக்கும். இலை மஞ்சளாகிற போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். ஒரு நாள் சாதாரணக் காற்றுக்கே மரம் சாய்ந்து கிடக்கும். என் தகப்பனார் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். "பட்டையில வர்ற நோவு கண்ணுக்குத் தெரியும்டா. வேருல வர்றது மரம் விழுந்த பொறவுதான் தெரியும்" என்பார்.

கிறிஸ்தவ வாழ்க்கையில் இப்படி வேரில் விழுகிற சீக்கு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் அகந்தை. செருக்கு என்றும் மேட்டிமை என்றும் கர்வம் என்றும் அதை அழைக்கிறோம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நீங்கள் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் தொடர்ந்து படியுங்கள். இந்தச் சீக்கு மதம் பார்த்து வருவதில்லை. வள்ளுவரும் அடக்கமுடைமைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறார் அல்லவா?

நல்லவரைத் தேடி வரும் பாவம்

குடிகாரனுக்குத் தான் குடிகாரன் என்று தெரியும். மனைவிக்குத் தெரியும், மண்டோருக்குத் தெரியும், லயத்துக்கே தெரியும். என்றாவது ஒரு நாள் அவன் அழுது மனம் திருந்த வழி உண்டு. ஆனால் அகந்தை பிடித்தவனுக்குத் தன் நோய் தெரியாது. ஏனென்றால் அது கெட்டவனைத் தேடி வருவதை விட நல்லவனைத் தேடி வருவதுதான் அதிகம்.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் எவாக்ரியுஸ் என்ற துறவி வாழ்ந்தார். மனிதனைக் கெடுக்கும் தீய எண்ணங்களை எட்டாகப் பிரித்து எழுதி வைத்தவர் அவர். போசனப் பிரியத்தில் தொடங்கும் அந்த வரிசையில் அகந்தையைக் கடைசியில் வைத்தார். பசியையும் ஆசையையும் கோபத்தையும் வென்று மேலே ஏறியவனுக்காக அது கடைசிப் படியில் காத்திருக்கிறது. பிற்காலத்தில், 590 முதல் 604 வரை போப்பாண்டவராக இருந்த முதலாம் கிரகோரியார் அகந்தையை எல்லாப் பாவங்களுக்கும் வேர் என்றே கருதினார். உலகமெல்லாம் வணங்கத்தக்க பதவியில் இருந்த அவர், தம்மைக் கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன் என்று குறிப்பிட்டுக்கொண்டார்.

இயேசு பெருமான் சொன்ன பரிசேயன் கதையை நாம் அறிவோம். கோயிலில் இரண்டு பேர் செபம் செய்கிறார்கள். ஒருவன் பரிசேயன், மற்றவன் வரி வசூலிப்பவன். பரிசேயன் சொன்னதில் எது பொய்? வாரத்துக்கு இரண்டு நாள் நோன்பு இருந்தான், மெய்தான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தான், அதுவும் மெய்தான். பிறகு அவனிடம் என்ன குற்றம்? கடவுளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். 'நான் இவனைப் போல் இல்லை' என்று கணக்குப் போட்டான். அந்த ஒரு பார்வையில் நோன்பும் காணிக்கையும் வீணாய்ப் போயின.

மற்றப் பாவங்கள் நம் பலவீனத்தைத் தின்று வளர்கின்றன. அகந்தையோ நம்முடைய நற்செயலைத் தின்று வளர்கிறது. அதனால்தான் அது மிகவும் ஆபத்தானது.

ஓர் ஊர், ஒரு சாட்சி, ஒரு சுவர்

இது வெறும் பிரசங்கம் அல்ல, நம் இனத்தின் வரலாற்றிலேயே நடந்தது என்பதற்கு ஓர் ஊரைக் காட்டுகிறேன். திருநெல்வேலிச் சீமையில், கன்னியாகுமரிக்குப் போகும் பக்கம், வடக்கன்குளம் என்று ஓர் ஊர் உண்டு.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்தவர் நீலகண்ட பிள்ளை. அங்கே இருந்த டிலனாய் என்ற டச்சுப் படைத் தலைவரிடமிருந்து கிறிஸ்தவ நெறியைக் கேட்டறிந்தார். 1745-ஆம் ஆண்டில் இதே வடக்கன்குளத்துக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்குடியில் பிறந்த அவர், தாழ்த்தப்பட்டவர்களோடு வேற்றுமை பாராமல் பழகினார். பிறகு பதவி போயிற்று, சிறை வந்தது. எருமை மாட்டின் மேல் ஏற்றி ஊர் ஊராக அவரை இழிவுபடுத்தினார்கள். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொன்றார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலே பின்னால் என்ன நடந்தது தெரியுமா? 1872-இல் அங்கே ஒரு பெரிய கோயில் கட்டினார்கள். ஒரே பீடம், ஆனால் அதை நோக்கி வரும் மண்டபங்கள் இரண்டு. நடுவிலே சுவர். மேல்சாதி என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரும்பிப் போனார்கள். இரண்டு கால் போல் பிரிந்து நின்றதால் கால்சட்டைக் கோயில் என்று பிறர் கேலி பேசும்படி ஆயிற்று.

1910-ஆம் ஆண்டு வாக்கில் கௌசானல் என்ற பங்குக் குருவானவர் துணிந்து அந்தச் சுவரை இடித்தார். உடனே கலகம் எழுந்தது. வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. தனியிடம் தங்கள் உரிமை என்று வாதாடியவர்கள் தோற்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சுவருக்காக வழக்காடியவர்கள் திருடர்களா, நாத்திகர்களா? இல்லை. பரம்பரை விசுவாசிகள், கோயிலுக்குக் காணிக்கை கொடுத்தவர்கள். அகந்தை அவர்களுடைய பக்திக்குள்ளேயே குடியிருந்தது. தேவசகாயத்துக்கோ 2022 மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியப் பொதுநிலையினரில் அப்பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. அப்போது 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை நீக்கிவிட்டுத்தான் அவர் பெயரை அறிவித்தார்கள். பட்டத்தை இறக்கி வைத்தவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் வந்தது.

உயிரைக் கொடுத்தவர்களிடமும்

இன்னொரு நிகழ்ச்சி. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயராவது அதுவே முதல் முறை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1910-இல், ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் முன் எழுந்து நின்றார் அசரியா. நீங்கள் எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் நாங்கள் கேட்பது அன்பை, எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்ற பொருள்படப் பேசினார். சபையில் சிலருக்கு முகம் சுருங்கியது. உண்மை சுட்டது!

கடல் கடந்து வந்து காய்ச்சலில் மாண்ட தியாகிகளுக்கும் கூட, உள்ளூர்க்காரனைத் தன் மேசையில் சமமாக உட்கார வைக்க மனம் வரவில்லை. கையால் அள்ளிக் கொடுப்பது எளிது. பக்கத்தில் உட்கார இடம் கொடுப்பதுதான் கடினம்.

கப்பலில் வந்த அடிக்கட்டை

அதெல்லாம் அக்காலத்துக் கதை, நம் மலேசியாவில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மறுநடவு செய்யும்போது பழைய அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? அந்தக் கட்டையில் இருக்கும் சீக்கு புதுக் கன்றின் வேருக்குத் தாவும். நம் தாத்தாமார்கள் கப்பல் ஏறியபோது தகரப் பெட்டியோடு இந்த அடிக்கட்டையையும் கொண்டுவந்தார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது அது இன்றும் துளிர்விடுவதை நாம் காண்கிறோமே!

இந்த மண்ணிலே புது வகைகளும் முளைத்திருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்ப் பாருங்கள். லுத்தரன் சபை, மெதடிஸ்ட் சபை, பாத்திமா மாதா ஆலயம் என்று ஒரு வட்டாரத்துக்குள்ளேயே எத்தனை தேவாலயங்கள்! கோவில்களும், 1894-இல் தோன்றிய புத்த விகாரையும் அங்கேதான் இருக்கின்றன. கிள்ளானில் 1928-இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. இவற்றையெல்லாம் கண்டு மகிழலாம். ஆனால் 'எங்கள் கோயில் பெரிது, உங்களுடையது தோட்டத்துக் கொட்டகை' என்ற பேச்சு எப்போது வந்ததோ, அப்போதே வேரில் சீக்கு விழுந்தாயிற்று. ஆங்கிலத்தில் செபிப்பவர் தமிழில் செபிப்பவரைத் தாழ்வாக நினைக்கிறார். மாடி வீட்டுக்குக் குடிபோனவர் லயத்தில் இருப்பவரை மறக்கிறார்.

லயத்தில் இருக்கும் நாம் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு காலத்தில் நம்மைக் கூலி என்று அழைத்தார்கள் என்று மனம் குமுறுகிறோம். இன்று செம்பனைக் காட்டில் நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையனையும் இந்தோனேசியப் பெண்ணையும் நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

என் சொந்தக் கதை

பிறரைப் பற்றியே எழுதினால் நானும் அந்தப் பரிசேயன் ஆகிவிடுவேன். ஆகவே என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு நான் தோட்டப் பள்ளிக்கு வந்தபோது எனக்கு வயது இருபத்தாறு. தோட்டத்தில் ஒரு சிறிய செபக் கூடம் இருந்தது. மாதத்துக்கு ஒரு முறை பட்டணத்திலிருந்து போதகர் வருவார். மற்ற வாரங்களில் வேதம் வாசித்துச் செபம் நடத்துபவர் ஒரு பெரியவர். களைக்கு மருந்தடிக்கும் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் போகாமல் தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்தவர். ழகரம் அவர் நாவுக்கு வராது. 'வாழ்வு' என்பது 'வால்வு' ஆகும். கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது கூசும்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று கிள்ளானிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பெரியவர் வாசிக்கத் தடுமாறினார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே உரக்கத் திருத்தினேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. வந்திருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். பெரியவர் வாசிப்பதை நிறுத்தினார். புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "வாத்தியாரே, நீங்களே படிங்க. சனங்களுக்கு நல்லா வெளங்கும்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து நான்தான் வாசித்தேன். பிழையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். கர்த்தருக்குச் சேவை செய்கிறேன் என்றுதான் மனமார நம்பினேன். ஆனால் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. வராதவர்களைப் பக்தியில்லாதவர்கள் என்று குறை சொன்னேன். பெரியவர் முன்பெல்லாம் ஞாயிறு மாலையில் லயம் லயமாக நடந்து போய், வராதவர்களைப் பார்த்துச் சுகம் விசாரித்து வருவார் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது என் தகுதிக்குரியதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் ஆண்டில் என் தாயார் நோயில் விழுந்து ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். ஒரு மாலை பள்ளி முடிந்து நான் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அது மூன்றாவது முறையாம். எனக்குத் தெரியவே தெரியாது. என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க வாத்தியாரே" என்று நாற்காலியை விட்டுக்கொடுத்தார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு என் தாயார் சொன்னார்: "ஐயா, நீ நல்லாத்தான் படிக்கிற. ஆனா அவரு நாம சொல்றத கேக்குறாருய்யா."

வேறொன்றும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக நான் வாசித்தது யாருடைய மகிமைக்காக? அந்தக் கேள்வியைக் கேட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. என் மரத்தில் இலை மஞ்சளாகிவிட்டிருந்தது.

மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதற்கு என்னை மன்னியுங்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. அவர் சிரித்தார். "அட போங்க வாத்தியாரே! அந்த எழுத்து எனக்கு இன்னைக்கும் வராது. வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

ஆனால் நான் அதோடு விடவில்லை. எல்லார் முன்னாலும் செய்த தவற்றை எல்லார் முன்னாலும்தான் சரிசெய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். பிறகு புத்தகத்தை இரண்டு கையாலும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பக்கத்தில் இருந்த ஒரு பால்வெட்டும் அம்மாவிடம் நீட்டினார். அன்று முதல் வாரத்துக்கு ஒருவர் வாசிக்கிறார்கள். நான் பெரியவரோடு லயத்துக்குப் போகப் பழகிக்கொண்டேன். அவர் இப்போது நம்மிடையே இல்லை. என் தாயாரும் இல்லை.

தலை நிமிர்வது அகந்தை அல்ல

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தாழ்மை என்றால் யார் மிதித்தாலும் குனிந்து கிடப்பது என்று நம் தொழிலாளர்களுக்குச் சிலர் போதித்திருக்கிறார்கள். அது தவறு.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் என்பவர் அவர்களுக்குத் துணையாக நின்றார். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையையும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் போயின.

சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களிடம் அகந்தை இல்லை. இறங்கச் சொன்னவர்களிடம்தான் இருந்தது. 'நானும் உன்னைப் போல மனிதன்' என்பது தன்மானம். 'நான் உன்னை விட மேலான மனிதன்' என்பது அகந்தை. இயேசுவும் தம்மைக் கன்னத்தில் அறைந்த சேவகனிடம், ஏன் அடித்தாய் என்று நியாயம் கேட்டார். அதே இயேசுதான் அதற்குச் சற்று முன்பு, அதே இரவில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார். தன்மானம் உள்ளவன்தான் தானாகக் குனிய முடியும்.

அதுபோலவே, 'எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, நான் ஒன்றுமில்லாதவன்' என்று ஓயாமல் சொல்வதும் தாழ்மை ஆகிவிடாது. 'அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்' என்று பிறர் பாராட்டுவதற்காக வீசும் தூண்டிலாக அது இருக்கலாம்.

சோதித்துப் பாருங்கள்

வேர்ச் சீக்கைக் கண்டுபிடிக்க மரத்தின் அடியில் மண்ணை விலக்கிப் பார்ப்பார்கள். நாமும் மாதத்துக்கு ஒரு முறையாவது நம் மனத்தின் மண்ணை விலக்கிப் பார்ப்போம்.

1. கடைசியாக நான் யாரிடம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டேன்? நினைவுக்கு வரவில்லையென்றால் அதுவே முதல் அடையாளம்.

2. என் பெயரைச் சொல்லாமல் வேறொருவருக்கு நன்றி சொன்னால் மனம் புழுங்குகிறதா?

3. என்னை விட வயதிலோ படிப்பிலோ குறைந்தவர் என் தவற்றைச் சுட்டினால் ஏற்றுக்கொள்கிறேனா?

4. செபம் செய்யும்போது பிறருடைய குறைகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றனவா?

5. என் வீட்டில் யார் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேனா?

மருந்தும் கடினமானதல்ல. யாருக்கும் தெரியாமல் ஒரு நன்மை செய்யுங்கள். செய்ததை மனைவியிடம் கூடச் சொல்லாதீர்கள். கோயிலைக் கூட்டும் வேலை, பாத்திரம் கழுவும் வேலை வந்தால் முந்திக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர் பேசுவதை இடைமறிக்காமல் முழுவதும் கேளுங்கள். பேசாமல் முறித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருந்தால், 'அவன் முதலில் வரட்டும்' என்று காத்திராமல் நீங்களே போங்கள். பிள்ளைகளிடம் தவறு செய்தால், பெற்றோர் என்று பாராமல் வருத்தம் தெரிவியுங்கள். அவர்கள் உங்களைத் தாழ்வாக எண்ண மாட்டார்கள். நான் என் வகுப்பிலேயே செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வடக்கன்குளத்துச் சுவரை இடிக்க ஒரு குருவானவர் தேவைப்பட்டார். நம் நெஞ்சுக்குள் இருக்கும் சுவரை நாம்தான் இடிக்க வேண்டும். இந்த வார இறுதியில் யாராவது ஒருவர் வீட்டு வாசலுக்குப் போய் நில்லுங்கள். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். அவர் தேத்தண்ணி கொடுத்தால் மறுக்காமல் குடித்துவிட்டு வாருங்கள்.